அம்பாசடர் குடித்த ஆயில்

பழிவாங்குவது தப்பு என்று சொல்கிறவர்களை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். மறந்துவிடு என்பார்கள், மன்னித்துவிடு என்பார்கள், மேலே இருப்பவன் பார்த்துக்கொள்வான் என்பார்கள். அவர்களில் ஒருவரையாவது நூற்றிருபது பேர் நடுவில் நிறுத்தி, "நான் திருடன்" என்று அவர் வாயாலேயே சொல்லவைத்ததுண்டா? சிங்கராயரை அப்படிச் சொல்லவைத்தார்கள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. அதற்குப் பிறகு பதின்மூன்று வருஷம் அவர் பொறுத்திருந்து கணக்கைத் தீர்த்தார். தீர்த்த நாளில் நான் பக்கத்தில் நின்றிருந்தேன், வயிறு குளிர்ந்தது. அதை மறைத்துப் பேச எனக்கு வராது.

என் பெயர் குழந்தைவேல். ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற இடத்தில் வண்டிச் சாமான் கடை வைத்திருந்தேன். ஃபேன் பெல்ட், டியூப், பல்பு, ஆயில் டின், பிரேக் ஆயில் இப்படிச் சில்லறைச் சாமான்கள். என் கடைக்குப் பக்கச்சுவர்தான் சிங்கராயரின் ஷெட். நாலு தூண், மேலே தகரம், நடுவில் ஆள் இறங்கி நிற்க ஒரு குழி. மலையில் ஓடுகிற வண்டிகளில் பாதி அந்தக் குழிமேல் நின்றவைதான்.

ஷெட் போடுவதற்கு முன்னால் அவர் நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் கார் டிரைவர். அப்பா அம்மா இரண்டு பேரும் அதே எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தவர்கள். சிங்கராயர் பதினாறு வயதில் காப்பி லாரியில் கிளீனராக ஏறி, இருபத்திரண்டில் ஸ்டியரிங் பிடித்தார். முதலாளி பெங்களூரில் இருந்தார். மாசத்துக்கு ஒரு தடவை ரயிலில் சேலம் வந்து இறங்குவார். அவரை ஏற்றிவர ஒரு சாம்பல் நிற அம்பாசடர் இருந்தது. மற்ற நாளில் அந்த வண்டி பேங்குக்கும் ஆஸ்பத்திரிக்கும் கீழே போய்வரும். சிங்கராயர் அதிகம் பேசாத மனுஷன். ஆனால் வண்டி ரோட்டில் வரும் சத்தத்தை வைத்தே எந்த வால்வு தட்டுகிறது என்று சொல்வார். சொன்னது தப்பினதில்லை.

அந்த அம்பாசடர் ஆயில் குடிக்கும். இதை இங்கேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் இதில்தான் நிற்கிறது. பழைய இன்ஜினில் பிஸ்டன் ரிங் தேய்ந்துபோகும். ரிங் தேய்ந்தால் கீழே இருக்கிற ஆயில் இடுக்கு வழியாக மேலே ஏறிப் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துவிடும். தரையில் ஒரு சொட்டு சிந்தாது, ஆனால் ஆயில் குறைந்துகொண்டே போகும். மலை வண்டிக்கு இது இன்னும் மோசம். இருபது கொண்டை ஊசி வளைவும் கியரைப் போட்டு, ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு இறங்கும்போது, இன்ஜின் ஆயிலை உறிஞ்சி உறிஞ்சி இழுக்கும். வாரத்துக்கு ஒரு லிட்டர் போவதெல்லாம் மலையில் சாதாரணம். கீழ்நாட்டுக்காரர்களுக்கு இது புரியாது.

எஸ்டேட் ரைட்டர் பொன்னுவேல் கீழ்நாட்டுக்காரர். கூலிக் கணக்கு, ஸ்டோர் சாவி, ஆள் எடுப்பது, ஆள் நிறுத்துவது எல்லாம் அவர் கையில். வேலைக்கு வந்த ஆறாவது மாசம் ஸ்டோரில் இருந்த ஆயில் பீப்பாயைக் குச்சி விட்டு அளந்து பார்த்தார். வாரம் ஒரு லிட்டர் எங்கே போகிறது என்று சிங்கராயரைக் கேட்டார். வண்டி குடிக்கிறது என்று சிங்கராயர் உள்ளதைச் சொன்னார்.

"ஆயில் குடிக்கறதுக்கு வண்டிக்கென்ன வாயா இருக்குது?" என்று கேட்டுவிட்டுப் பொன்னுவேல் சிரித்தாராம்.

அன்றைக்கே இரண்டு ஆளை அனுப்பி தோட்டத்து ஆள்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் சிங்கராயரின் வீட்டைச் சோதனை போட்டார். கதவுக்குப் பின்னால் அரை டின் ஆயில் இருந்தது. வண்டியில் இருந்து இறக்கின பழைய கறுப்பு ஆயில் அது. கரையான் ஏறாமல் இருக்க மரத்தூணுக்குப் பூசுவதற்காக அவர் மனைவி தெரசம்மாள் வாங்கி வைத்தது. மலையில் அதைப் பூசாத வீடு கிடையாது. புது ஆயில் தேன் நிறத்தில் இருக்கும், பழையது மை மாதிரி இருக்கும், பச்சைப் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியும். பொன்னுவேலுக்குத் தெரியாமல் இல்லை. வந்த புதிதில் ஒருத்தனைப் பிடித்துக் காட்டினால்தான் மற்ற எல்லாரும் பயப்படுவார்கள் என்பது அவர் கணக்கு.

1973, ஐப்பசி. அடைமழை. தெரசம்மாள் பிள்ளை பெற்று ஒன்பது நாள். பொன்னுவேல் சிங்கராயரைக் கூப்பிட்டு இரண்டு வழி சொன்னார். காலை மஸ்டரில், அதாவது ஆள்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுகிற இடத்தில், எல்லார் முன்னாலும் குற்றத்தை ஒத்துக்கொண்டால் மாசம் முடியும்வரை வீட்டில் இருக்கலாம். இல்லையென்றால் அன்றைக்கு மத்தியானமே சாமானோடு வெளியே போக வேண்டும். மழையில், ஒன்பது நாள் பிள்ளையோடு.

சிங்கராயர் மஸ்டரில் அந்த டின்னைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று, "ஆயில நாந்தான் எடுத்தேன்" என்றார்.

"பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கல. சத்தமாச் சொல்லு," என்றார் பொன்னுவேல்.

மறுபடி சொன்னார். இன்னும் கேட்கவில்லை என்றார் ரைட்டர். மூன்றாம் தடவை கத்தினாராம். தொண்டை கிழிந்து இரண்டு நாள் பேச்சு வரவில்லை என்று தெரசம்மாள் எனக்குச் சொன்னார்.

கடைசி வரிசையில் காளியாயி நின்றாள். தலைச்சோலை ஊர்க்காரி, பக்கத்து லைன் வீடு, தெரசம்மாளுக்கு உடன்பிறந்தவள் மாதிரி. பிரசவம் பார்த்ததும் அவள்தான். ஒன்பது நாளும் விடிந்ததும் ராகிக் கஞ்சியும் சுடுதண்ணியும் கொண்டுவந்து கொடுத்தவள், பத்தாம் நாள் வரவில்லை. தெரசம்மாள் ஆள் விட்டுக் கூப்பிட்டதற்கு, "அவரு வாயாலயே சொன்னாரு, என் காதாலயே கேட்டேன்," என்று பதில் அனுப்பினாள். அவள் மேலும் தப்புச் சொல்ல முடியாது. ஒருத்தன் தன்னைப் பற்றித் தானே சொன்னதை நம்பாமல் வேறு எதை நம்புவது? அதற்குப் பிறகு சந்தையில் எதிர்ப்பட்டால் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள்.

மாசக் கடைசியில் குடும்பம் ஒண்டிக்கடைக்கு வந்தது. தெரசம்மாள் மூக்குத்தியும் சிங்கராயரின் கைக்கடிகாரமும் போய் ஷெட்டுக்குத் தகரமாக வந்தன. மாதா கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்தவர் கதவோரம் நிற்க ஆரம்பித்தார். யாரும் அவரை அங்கே நிற்கச் சொல்லவில்லை. என்னிடம் ஒரு நாள் மட்டும் அதைப் பற்றிப் பேசினார். "மத்தவன் சொல்லியிருந்தா அவன அடிச்சிருப்பேன். நானே சொன்னேன். யாரப் போய் அடிக்கறது?" என்றார். நான் பெல்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இனி என் வெட்கத்தைச் சொல்கிறேன். சிங்கராயருக்குப் பிறகு அந்த அம்பாசடருக்கு மாதையன் என்பவன் டிரைவராக வந்தான். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வாரமே என் கடைக்கு வந்து, தன் சொந்தக் காசில் ஒரு லிட்டர் ஆயில் வாங்கினான். அடுத்த வாரமும் வந்தான். ஸ்டோரில் கேட்டால் தன்னையும் டின்னைக் கொடுத்து மஸ்டரில் நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து, பதினொரு வருஷம் பிள்ளைகள் வாயைக் கட்டி அந்த வண்டிக்கு ஆயில் ஊற்றினான். வெளியே சொல்லாதீர்கள் என்று என் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டான். நானும் சொல்லவில்லை. பொன்னுவேல் எஸ்டேட் முழுக்க, "பாத்தீங்களா, சிங்கராயன் போனதும் வண்டி ஆயில் குடிக்கறத உட்டுருச்சு," என்று சொல்லித் திரிந்தார். பக்கச்சுவருக்கு அந்தப் பக்கம் அந்த மனுஷன் குழிக்குள் நின்று ஸ்பேனர் திருகிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் நான் மாதையனுக்கு ஆயில் விற்றுக்கொண்டிருந்தேன். கோழை என்றால் நான்தான்.

மாதையன் வாங்கியதும் நல்ல ஆயில் இல்லை. அவன் சம்பளத்துக்குக் கட்டுப்படியானது, பழைய ஆயிலைக் காய்ச்சி வடிகட்டி விற்கிற மட்ட ரகம். கூழ் மாதிரி கெட்டியாக இருக்கும். வருஷக்கணக்கில் அது இன்ஜினுக்குள் படிந்து, காய்ந்து, தார் மாதிரி ஒட்டி, ரிங்கைச் சுற்றியிருந்த இடுக்கையெல்லாம் அடைத்துவிட்டது. போகப் போக வண்டி ஆயில் குடிப்பது நிஜமாகவே குறைந்தது. ஊழலைப் பூசி மெழுகுவது மாதிரி அழுக்கே இன்ஜினைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

1984இல் மாதையன் வேலையை விட்டு சேலத்தில் லாரிக்குப் போனான். அன்றைக்குச் சாயங்காலம் நான் ஷெட்டுக்குள் போய் எல்லாவற்றையும் சிங்கராயரிடம் சொன்னேன். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் குழியின் ஓரத்தில் உட்கார்ந்து, மாதையன் என்ன ஆயில் வாங்கினான் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். நாளைக்கே எஸ்டேட்டுக்குப் போய்ச் சாட்சி சொல்கிறேன் என்றும் சொன்னேன்.

"நீ சொல்லி என்ன ஆகுது குழந்த? என் வாயால சொன்னது அது. அவரு வாயாலதான் அழியோணும்," என்றார்.

அந்த ஆளை அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகத் தெரிந்தது. அதுவரை பொறுமைசாலி என்று நினைத்திருந்தேன். அது பொறுமை இல்லை, கறுவு.

அடுத்த வருஷம் பொன்னுவேல் ஓய்வு பெற்றார். எஸ்டேட்டுக்குப் புது ஜீப் வந்தது, பழைய அம்பாசடரை விற்க முடிவு செய்தார்கள். ஓய்வுப் பணத்தைப் போட்டு அதை வாங்கியவர் பொன்னுவேலேதான். ஏற்காட்டிலேயே வீடு எடுத்து, வண்டியைச் சீசனுக்கு டாக்சியாக ஓட்டிப் பிழைப்பது என்று திட்டம். வேறு வண்டியே கிடைக்கவில்லையா என்று கேட்கலாம். ஆயில் குடிக்காத வண்டி என்று பத்து வருஷமாகத் தானே சொல்லிச் சொல்லி, தானே நம்பிவிட்டார்.

1986 மாசியில் துபாயில் இருந்து வந்த அவர் மருமகன் ஒரு டின் கொண்டுவந்து கொடுத்தான். பளபளவென்று சிவப்பு டின். இன்ஜினின் உள்பக்கத்தைக் கழுவுகிற மருந்து. பழைய ஆயிலோடு ஊற்றி, வண்டியை நிறுத்திவைத்தபடியே கால் மணி நேரம் ஓடவிட்டு, எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் புது ஆயில் ஊற்ற வேண்டும். படிந்த அழுக்கெல்லாம் கரைந்து வந்துவிடும். எங்கள் மலையில் அதற்குச் சீமெண்ணெய் ஊற்றுவார்கள், அதுவும் இளசான இன்ஜினுக்குத்தான். மலையில் குழி வைத்த ஷெட் இது ஒன்றுதான். அதனால் பொன்னுவேல் வண்டியை இங்கேயே கொண்டுவந்தார். பதின்மூன்று வருஷத்தில் முதல் தடவையாக இரண்டு பேரும் நேருக்கு நேர் நின்றார்கள். அவர் டின்னை நீட்டிய தோரணையைப் பார்த்தால், பழைய விஷயம் ஒன்று இருந்ததே அவருக்கு ஞாபகம் இல்லாத மாதிரி இருந்தது. அடித்தவனுக்கு எங்கே நினைவிருக்கிறது?

சிங்கராயர் ஆயில் ஊற்றுகிற மூடியைத் திருகி எடுத்து, உள்பக்கத்தை விரலால் சுரண்டிக் காட்டினார். கெட்டித் தார். ஷெட்டில் இருந்த நாலு பேரும் எட்டிப் பார்த்தோம்.

"கழுவாதீங்க ரைட்டரே. லட்சக்கணக்குல ஓடுன இன்ஜின். இந்த அழுக்குதானுங்க இப்ப இதப் புடிச்சு வெச்சிருக்குது. கழுவுனா வண்டி ஆயில் குடிக்கும்," என்றார்.

பொன்னுவேல் எங்கள் நாலு பேரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"குடிக்கறதுக்கு வண்டிக்கென்ன வாயா இருக்குது? இன்னும் அந்தக் கதைய உடலயா நீ? கழுவ வேண்டாம்னு சொல்லி இன்ஜின முழுசாப் பிரிச்சுக் காசு பாக்கலாம்னு நெனைக்கற. ஊத்துய்யா."

"நீங்களே ஊத்துங்க," என்று சொல்லிவிட்டு சிங்கராயர் விலகி நின்றார்.

பொன்னுவேல் தன் கையாலேயே டின்னைக் கவிழ்த்தார். மீதி வேலையை சிங்கராயர் ஒரு குறை வைக்காமல் செய்தார். கால் மணி நேரம் சரியாக ஓடவிட்டார். குழியில் இறங்கி அடி நட்டைக் கழற்றினார். சாராயக்கடைச் சாக்கடை மாதிரி கறுப்பாக ஒன்று கட்டி கட்டியாக இறங்கியது. அடித்தட்டைக் கழற்றித் துடைத்தார், ஃபில்டர் மாற்றினார், என் கடையிலேயே உயர்ந்த ரகத்தில் நாலு லிட்டர் வாங்கி ஊற்றினார். வண்டியைக் கிளப்பினால் தையல் மிஷின் மாதிரி அவ்வளவு அமைதி. பொன்னுவேல் ஏரியைச் சுற்றி இரண்டு ரவுண்டு அடித்துவிட்டு வந்து, ஷெட்டுக்கு முன்னால் வேண்டுமென்றே ஹாரன் அடித்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு, எதற்காக எச்சரித்தீர்கள் என்று சிங்கராயரைக் கேட்டேன். நானாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு ஊற்றியிருப்பேன்.

"நல்ல மருந்துங்க, ஊத்துங்கன்னு சொல்லியிருந்தா சந்தேகப்பட்டு டின்னத் தூக்கிட்டுப் போயிருப்பாரு," என்றார். "நான் நெசத்தச் சொன்னா அவரு நம்ப மாட்டாரு. அன்னைக்கும் நெசத்தத்தான் சொன்னேன்."

சொல்லிவிட்டு அந்தக் கறுப்பு ஆயிலை ஒரு டின்னில் பிடித்துக் கதவுக்குப் பின்னால் வைத்தார். தூணுக்குப் பூச.

மூன்று வாரம் ஆனது. மலை ஏறி இறங்க ஏறி இறங்க இடுக்குகள் திறந்துகொண்டன. பொன்னுவேல் டாக்சிக்கு வைத்திருந்த டிரைவர் தலைச்சோலை சித்தன் ஒரு லிட்டர் ஆயில் வாங்க வந்தான். ஐந்தாம் நாள் மறுபடி வந்தான். மூன்றாம் தடவை வரவில்லை. ஆயில் திருடுகிறான் என்று சொல்லிப் பொன்னுவேல் அவனை டாக்சி ஸ்டாண்டில் எல்லார் முன்னாலும் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டார்.

இதை சிங்கராயர் எதிர்பார்க்கவில்லை. அன்றைக்கு அவர் மத்தியானச் சோற்றைத் தொடவில்லை. பழியை எறிந்தால் அது எங்கே போய் விழும் என்பது எறிகிறவன் கையில் இல்லை. சாயங்காலம் தலைச்சோலைக்கு நடந்தே போய், சித்தனைக் கூட்டிவந்து ஷெட்டில் வேலைக்கு வைத்துக்கொண்டார். அவனிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

பொன்னுவேல் இன்னொரு டிரைவர் வைத்தார், பத்தே நாளில் அவனையும் விரட்டினார். பிறகு பானெட்டுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினார். மலையில் அதுவரை இன்ஜினுக்குப் பூட்டுப் போட்ட கார் யாரும் பார்த்ததில்லை. சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டு, அறுபது வயதில் தானே டாக்சி ஓட்ட ஆரம்பித்தார். அப்போதும் ஆயில் போனது. நாலு நாளைக்கு ஒரு தடவை என் கடைக்கு வந்து, யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒரு டின் வாங்குவார். நான் வேண்டுமென்றே, "ஆயிலுங்களா, போன வாரந்தான வாங்குனீங்க?" என்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி கேட்பேன். என்னால் முடிந்த பழி அவ்வளவுதான், அதை ஒரு நாளும் விட்டதில்லை. மே மாசச் சீசனில் ஊர் நிறைய ஜனம். அம்பாசடர் பின்னால் நீலப்புகை கொசு மருந்து அடிக்கிற மாதிரி வந்தது. ஏறின ஜனமும் முதல் வளைவிலேயே இறங்கிக்கொண்டது.

வைகாசிக் கடைசியில் ஒரு காலை பொன்னுவேல் வண்டியைப் புகையோடு ஷெட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். முகம் கறுத்திருந்தது. இறங்கும்போதே கத்திக்கொண்டு இறங்கினார்.

"என்னய்யா பண்ணி வெச்ச என் வண்டிய?"

"நீங்கதானுங்க ஊத்துனீங்க. நாலு பேரு பாத்தாங்க."

"நாலு நாளைக்கு ஒரு லிட்டர். நானேதான் ஓட்டறேன், நானேதான் ஊத்தறேன். சாவி என் இடுப்புல கெடக்குது. கீழ ஒரு சொட்டு சிந்தல. எங்கய்யா போகுது?"

"நீங்களே சொல்லுங்க," என்றார் சிங்கராயர்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. புகை என் கடைவரை வந்தது. பொன்னுவேல் சிங்கராயரைப் பார்த்தார், ஸ்பேனரோடு நின்ற சித்தனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். யாரும் உதவிக்கு வரவில்லை.

"குடிக்குது," என்றார். "வண்டி குடிக்குது."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கெடுகிற நேரத்தில் அதன் முகத்தைப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. சிங்கராயர் சிரிக்கவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டு, பேசினார்.

"சிலிண்டரப் போர் பண்ணி, ரிங் பிஸ்டனெல்லாம் மாத்தி, புது இன்ஜினாட்டம் பண்ணித் தரேனுங்க. என் கைக்கூலி ஒரு பைசா வேண்டாம். திங்கக்கெழம காலைல எஸ்டேட் மஸ்டருக்கு வாங்க. இப்பச் சொன்னத அங்க ஒருக்காச் சொல்லோணும். சித்தன் பேரையும் சேத்துச் சொல்லோணும்."

பொன்னுவேல் காறித் துப்பிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். ஒரு திங்கட்கிழமை போனது, இன்னொன்றும் போனது. சேலத்தில் மூன்று ஒர்க்ஷாப்பில் கேட்டிருக்கிறார். வண்டியின் விலையைவிட ரிப்பேர் கூலி அதிகம் என்றார்கள், காயலான் கடைக்குப் போடுங்கள் என்றார்கள். போட்ட பணமெல்லாம் அந்த வண்டியில்தான் இருந்தது. மூன்றாம் வாரம் ஒரு ஆளிடம், வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

சொன்ன சொல்லை சிங்கராயரும் பிறகு காப்பாற்றினார். அந்த இன்ஜினை அவர் செய்துகொடுத்த மாதிரி வேறு எதையும் செய்ததில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்றினால் போதும் என்று ஆகிவிட்டது. எனக்கு ஒரு வாடிக்கை போனதுதான் மிச்சம்.

திங்கட்கிழமை மஞ்சு இறங்கி, எதிரில் நிற்கிற ஆள் தெரியாமல் இருந்தது. ஏழு மணி மஸ்டருக்கு எழுபது எண்பது பேர் தலையில் சாக்கை மடித்துக் கொங்காடி போட்டுக்கொண்டு நின்றார்கள். பாதிப்பேர் புதிய ஆள்கள், சிங்கராயர் யார் என்றே தெரியாது. புது ரைட்டர் சின்ன வயசுக்காரர், இதைத் தடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நோட்டைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். சிங்கராயர் சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். தெரசம்மாள் திருவிழாவுக்குக் கட்டுகிற பட்டுச்சேலையில் வந்திருந்தார். பதின்மூன்று வயசு மகள் தேவகுமாரியையும் பள்ளிக்கு அனுப்பாமல் கூட்டிவந்திருந்தார். கடைசி வரிசையில் காளியாயி. தலை பாதி நரைத்திருந்தது. காது மந்தம் என்று யாரோ சொன்னார்கள்.

பொன்னுவேல் முன்னால் வந்து, தன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அன்னைக்கு ஆயில சிங்கராயர் எடுக்கல. வண்டிதான் குடிச்சுது. சித்தனும் எடுக்கல."

தெரசம்மாள் முன்வரிசையில் இருந்தபடியே சொன்னார், மரியாதை துளியும் குறையாமல்:

"பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கலைங்க."

பொன்னுவேல் தலையை நிமிர்த்தினார். அந்த வார்த்தை அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. மறுபடியும் சொன்னார். இன்னும் கேட்கவில்லை என்றார் தெரசம்மாள். மூன்றாம் தடவை அவர் கத்தியபோது குரல் மஞ்சுக்குள் போய் எதிர் மேட்டில் பட்டுத் திரும்பியது. புது ஆள்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். சிங்கராயர் அசையாமல் நின்றார். அவர் கண் கடைசி வரிசையை விட்டு நகரவில்லை.

காளியாயி கூடையைக் கீழே வைத்துவிட்டு வரிசையை விட்டு வெளியே வந்தாள். நேராக சிங்கராயர் முன்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்க டிரைவரே, எடுக்காமயா அன்னைக்கு எடுத்தேன்னு சொன்னீங்க?"

"ஊட்டுல ஒம்பது நாள் புள்ள இருந்துச்சு. மழ பேஞ்சுது," என்றார் சிங்கராயர்.

காளியாயி தேவகுமாரியைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பிள்ளையின் தொப்புள்கொடியை அறுத்தவள் அவள். பிறகு நடந்து போய்ப் பொன்னுவேலுக்கு ஒரு கை தூரத்தில் நின்று, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"இன்னொருக்காச் சொல்லுங்க ரைட்டரே," என்றாள். "எனக்கு இப்பத்தான் காது கேக்குது."

அவர் நாலாவது தடவையும் சொன்னார்.